கரடுநிலக் கிரேன்

சாலை போடாத இடத்துக்குள் தானே ஓடிச் சென்று பாரம் தூக்கும் நான்கு சக்கரக் கிரேன். அணை, பாலம், எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றின் கட்டுமானத்தில் பயன்படுகிறது. ஓட்டுவதற்கும் தூக்குவதற்கும் ஒரே எஞ்சின், ஒரே கேபின்.

கப்பியும் கயிறும் கொண்டு பெரும்பாரம் தூக்கும் அமைப்புகளை ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். அவை நட்ட இடத்தில் நின்றவை. நீராவிக் கிரேன்கள் பெரும்பாலும் தண்டவாளத்தை நம்பியிருந்தன. இங்கிலாந்தின் கோல்ஸ் நிறுவனம் 1922இல் சுழலும் கிரேன் ஒன்றை லாரியின் அடிச்சட்டத்தில் ஏற்றியது. ஆனால் லாரிக் கிரேனுக்கு நல்ல பாதை வேண்டும். சேற்றில் சக்கரம் புதைந்துவிடும். சங்கிலிப் பட்டைகளில் ஊரும் கிராலர் கிரேன் சேற்றைத் தாண்டும் என்றாலும், ஊர்விட்டு ஊர் போக அதை டிரெய்லரில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் பிறந்ததே கரடுநிலக் கிரேன்.

அதற்கு வழி திறந்தது ஹைட்ராலிக் பூம், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தூக்குகை. கோத்து நிறுத்த வேண்டிய கம்பிச்சட்டப் பூமுக்குப் பதில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கி நீளும் பூம் வந்ததும் வண்டி கச்சிதமானது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஷேடி குரோவ் என்ற ஊரில், 1947இல் பண்ணை வண்டிகள் செய்யத் தொடங்கியது குரோவ் நிறுவனம். தன் பட்டறையில் இரும்பைத் தூக்கி வைக்கத் தானே ஒரு கிரேன் செய்துகொண்டது. பிறகு அதுவே அதன் தொழிலாயிற்று. ஜப்பானின் தடானோ 1955இல் ஹைட்ராலிக் லாரிக் கிரேனையும் 1970இல் கரடுநில வகையையும் கொண்டுவந்தது.

இதன் வடிவமைப்பில் கடினமான கேள்வி எவ்வளவு தூக்கலாம் என்பதல்ல, எதன்மேல் நிற்கிறது என்பதே. அகன்ற டயர்கள் எடையைப் பரப்புகின்றன. நான்கு சக்கரமும் இழுக்கின்றன. முன்சக்கரம் மட்டும் திரும்பலாம், நான்கும் சேர்ந்து குறுகிய வட்டத்தில் திரும்பலாம், நண்டுபோல் பக்கவாட்டிலும் நகரலாம். பக்கவாட்டுத் தாங்குகால்களை ஊன்றித் தூக்கும்போது அவை டயர்களைத் தரையிலிருந்து எழுப்பிவிட வேண்டும். கால்களுக்கு அடியில் கனமான கட்டைகள் வைக்க வேண்டும். பாரம் தள்ளிப் போகப்போகக் கவிழ்க்கும் விசை ஏறும். பூமின் எடையும் அதே பக்கம் சேரும். அதனால் கவிழும் எல்லைவரை தூக்க விதி இடம் தருவதில்லை. அமெரிக்க மரபில், தாங்குகால்களை முழுதும் விரித்தால் அந்த எல்லையில் 85 விழுக்காடு, டயர்மேல் நின்றால் 75 விழுக்காடுதான். எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் பாரப்பட்டியலின் எண்களும் வண்டி மட்டமாக நிற்கும்போது மட்டுமே பொருந்தும். சரிவு கூடினால் பூம் பக்கவாட்டில் முறுக்கப்படும். அப்போது பட்டியலை நம்பித் தூக்குவது உயிருக்கு ஆபத்து.

நம் ஊர் வேலைத்தளங்களில் ‘ஹைட்ரா’ எனப்படும் வண்டி இதன் உறவினர்தான், ஆனால் இதுவல்ல. பாரத்தை முன்னால் தொங்கவிட்டபடி நகர்வதற்கென அமைந்தது அது. கெட்டியான சமதரையில் நன்றாக உழைக்கும். மேடுபள்ளத்தில் ஓட்டினால் தொங்கும் பாரம் ஊசலாடும். வழிகாட்டும் கயிற்றைப் பிடித்து நடந்துவரும் தொழிலாளிதான் முதலில் அடிபடுவார்.