குதிரைமயிரிலிருந்து சிலாங்கூர் ஆறு வரை

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் பாரம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ஃபிஷிங்கில் கொக்கியில் இறகு கட்டிய பொய்ப்பூச்சிக்கு எடை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பாரமெல்லாம் நூலில்தான். எட்டாம் எண் நூலின் முதல் ஒன்பது மீட்டர் ஏறக்குறைய 13.6 கிராம். நூலை வீசினால் பூச்சி அதன் பின்னே போகும். பெரிய ஆற்று மீனுக்கு ஆசைப்படுகிறவர் தூண்டில் கோலைவிட நூலை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

இங்கிலாந்தில் அந்த நூல் குதிரைவால் மயிரில் முறுக்கப்பட்டது. பிறகு பட்டு வந்தது. ஆளி விதை எண்ணெய் ஏற்றிய பட்டு நூலை அன்றாடம் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். அதன் நுனியில் முடிந்த மெல்லிய நரம்பு ஸ்பெயினின் முர்சியாவிலிருந்து வந்தது. பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி அதைச் செய்தார்கள். காய்ந்தால் முறியும் என்பதால் முடிச்சுப் போடுமுன் தண்ணீரில் நனைப்பார்கள்.

வெள்ளைக்கார அதிகாரிகளோடு இந்தத் தூண்டில் தென்னிந்தியாவுக்கும் வந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் மங்களூரில் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். மகசீர் மீனைத் தேடிப் போனவர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று.

1938இல் நைலான் அறிவிக்கப்பட்டது. முர்சியா நரம்பின் காலம் முடியத் தொடங்கியது. 1950களில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் பூசிய நூல் வந்ததும் பட்டும் ஒதுங்கியது.

இனி நம் மலேசிய ஆறுகளுக்கு வருவோம். சிலாங்கூரில் புக்கிட் பெருந்துங்கிலிருந்து வடக்கே கோலகுபு பாரு பக்கம் போனால், பிரேசர் மலைச் சரிவின் ஓடைகள் சிலாங்கூர் ஆற்றில் சேர்கின்றன. மகசீரின் உறவான கெலாவும், செபாராவும் வாழும் நீர் இது. குளிர்நாட்டு ஆற்றுக்கென்று செய்த நூல் நம் வெயிலில் இளகி, கோலின் வளையங்களில் ஒட்டும். வீச்சு பாதியிலேயே சோர்ந்துவிடும். கெட்டியான பூச்சும் விறைப்பான உள்நரம்பும் கொண்ட வெப்பமண்டல நூலையே கேட்டு வாங்குங்கள்.

செபாராவ் வேட்டையாடும் மீன். குஞ்சுமீன் போலக் கட்டிய இறகை விட்டுவிட்டு இழுத்தால் துரத்தி வரும். கெலாவுக்குச் செம்பனைப் பழம் என்றால் உயிர்; பழ வடிவில் கட்டியதை மிதக்கவிடலாம். கெண்டை மீனோ அடிமண்ணைத் துழாவி மேயும். அதன் தலைமேல் நூல் விழுந்தால் ஓடிவிடும். ஆகவே அது போகும் வழியில், சற்று முன்னால் போட்டு மூழ்கவிட வேண்டும். வாயில் உறிஞ்சியதைச் சட்டென்று துப்பிவிடும் என்பதால் நூல் முனை அசைந்ததுமே கையால் நூலை இழுத்துக் கொக்கியைப் பதிக்க வேண்டும்; கோலைத் தூக்கினால் பூச்சி விலகிப் போகும்.

கெலாவுக்கான காப்பிடமான சிலிங் ஆற்றில் தூண்டிலுக்கே தடை, அதை மதிப்போம். மற்ற இடங்களில் முள் மடித்த கொக்கியால் பிடித்து, ஈரக் கையோடு நீரிலேயே விடுவிப்போம்.

குதிரைமயிரும் பட்டும் அறுந்து ஆற்றில் போனால் மக்கின. நைலானும் பிளாஸ்டிக்கும் மக்காமல் கிடந்து, மீனையும் பறவையையும் ஆமையையும் சிக்கவைக்கும். அறுந்த துண்டு ஒவ்வொன்றையும் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவது இந்த நூலைக் கையில் எடுக்கும் எல்லோருடைய கடமை.