வணிக மேலாண்மைப் படிப்பு: சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும்

திருவள்ளூர் மாவட்டத்தில் வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மாணவர்கள் வணிக மேலாண்மைக்கு முதன்மையாக நாடும் அரசுப் பல்கலைக்கழகங்கள் இரண்டு. சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டது. கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகம் 1978இல் உருவானது. அதில் இணைக்கப்பட்ட அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி அதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

பிளஸ் டூ முடித்து மூன்றாண்டு பி.பி.ஏ. அல்லது பி.காம். படிக்க விரும்புவோருக்கு உரியது சென்னைப் பல்கலைக்கழகமே. பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி உள்ளிட்ட இம்மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் அதன் இணைவில் உள்ளன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு வீட்டிலிருந்து ரயிலேறிப் போய்வரும் அரசு கல்லூரிதான் எட்டும் வழி. அதைக் குறைத்து மதிப்பிடுவது தவறு.

எம்.பி.ஏ. இரண்டிலும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்குச் சேரும் வழி டான்செட் நுழைவுத்தேர்வு. அத்தேர்வை நடத்துவதும் அப்பல்கலைக்கழகமே. கிண்டி வளாகத்தில் மேலாண்மைத் துறை இயங்குகிறது. பொறியியல் கல்லூரிகள் பலவற்றிலும் அப்பல்கலைக்கழக இணைவில் எம்.பி.ஏ. நடக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஆலையில் உற்பத்தி, தரக் கட்டுப்பாடு பார்க்கும் பொறியாளருக்கு உற்பத்தி மேலாண்மைப் பாடங்கள் நேராகப் பயன்படும். எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அருகிலிருப்பதால் சரக்குப் போக்குவரத்து படித்தவர்க்கும் இங்கே இடமுண்டு. நிதி, கணக்கியல், வங்கித் துறை நோக்கிச் செல்லும் வணிகவியல் பட்டதாரிக்குச் சேப்பாக்கம் இயல்பான தொடர்ச்சி.

ஷிப்டு வேலையை விட முடியாதவர்களுக்கு, 1981இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி நிறுவனம் உள்ளது.

இரண்டையும் ஒப்பிடும்போது பலரும் கவனிக்கத் தவறுவது, வளாகத் துறைக்கும் இணைவுக் கல்லூரிக்கும் உள்ள வேறுபாடு. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகப் பெயர் ஒன்றுதான். ஆனால் ஆசிரியர், நூலகம், வேலைவாய்ப்பு முகாம் எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டமே வேறாகலாம். இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர்களுக்கிடையிலான வேறுபாட்டைவிட இந்த வேறுபாடு பெரிது. வளாகத்தில் இடம் கிடைத்தால் இரண்டில் எதுவானாலும் ஏற்கத் தக்கது. இணைவுக் கல்லூரி என்றால், கட்டணம் செலுத்துமுன் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதியையும் முழுநேர ஆசிரியர் பட்டியலையும் கேட்டுப் பாருங்கள். அங்கே படித்து முடித்த ஓரிருவரிடமும் பேசுங்கள்.