மிகை வெற்றோட்டம் (மகிழுந்து)

மிகை வெற்றோட்டம் என்பது, முடுக்கியை மிதிக்காத நிலையிலும் மகிழுந்தின் பொறி தனக்குரிய வேகத்தை விட விரைந்து சுழலும் பழுது ஆகும். சூடேறிய பெட்ரோல் பொறி பொதுவாக நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்றுகள் சுழலும். இது 1,200-க்கு மேல் நிலைத்திருந்தால் பழுது எனக் கொள்ளலாம். பணிமனைகளில் வெற்றோட்ட வேகத்தை "ஸ்லோ ஸ்பீடு" என்றும், இப்பழுதை "வண்டி ரேஸ் ஆகிறது" என்றும் கூறுவர். குளிர்ந்த பொறி முதற் சில நிமிடங்கள் விரைந்து ஓடுவதும், குளிர்சாதனத்தை இயக்கும்போது வேகம் சற்று உயர்வதும் இயல்பே.

காரணங்கள்

கார்புரேட்டர் கொண்ட அம்பாசடர், தொடக்ககால மாருதி 800 போன்ற வண்டிகளில் திருகு அளவுக்கு மீறி முடுக்கப்பட்டிருத்தல், சோக் முழுதும் திறவாமை, முடுக்கிக் கம்பி இறுகியிருத்தல் ஆகியவை பெரும்பாலான காரணங்கள். இவற்றைக் கண்ணாலேயே காணலாம்.

எரிபொருள் உட்செலுத்தும் பொறிகளில் காரணம் அவ்வளவு எளிதில் புலப்படாது. உள்ளிழு குழாயின் கேஸ்கெட்டிலோ இரப்பர் குழாயிலோ விரிசல் ஏற்பட்டால், திராட்டில் தகடு மூடியிருந்தும் காற்று உட்புகும். குழாய் அழுத்தத்தை அளக்கும் உணரி கொண்ட வண்டியில், அழுத்தம் உயர்வதைக் கண்ட கணினி கூடுதல் எரிபொருளைச் செலுத்துகிறது, வேகம் ஏறுகிறது. குளிர்நீர் வெப்ப உணரி பழுதாகிப் பொறி குளிர்ந்திருப்பதாக அறிவித்தாலும் இதே விளைவு உண்டாகும். குளிர்நீர் குறைந்து உணரியைக் காற்றுக்குமிழ் சூழ்ந்தாலும் அவ்வாறே. எனவே விலையுயர்ந்த உறுப்புகளை மாற்றுமுன் நீரின் அளவைப் பார்ப்பது நன்று. பொறி ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும்.

வெற்றோட்டக் காற்றுத் தடுக்கிதழில் கரி படிந்து சிக்கிக்கொள்வதும் உண்டு. அதனைத் துப்புரவு செய்தாலே பெரும்பாலும் சரியாகும்.

தடையும் வெற்றோட்டமும்

தடை பூஸ்டருக்குச் செல்லும் வெற்றிடக் குழாயே கசிந்தால் பழுது பாதுகாப்பு சார்ந்ததாகிறது. தடை மிதி கடினமாகிவிடும். பொறியை நிறுத்தி மிதியைப் பலமுறை அழுத்தியபின், அதனை மிதித்தவாறே பொறியை இயக்க வேண்டும். மிதி சற்றுக் கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. மிதிக்கும்போது பொறியின் வேகம் மாறினால் பூஸ்டரின் உள்ளே கசிவு இருக்கலாம்.

இராஜபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் இணைக்கும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் (தே.நெ. 744) சீராக ஓடும் வண்டியில் இக்குறை வெளிப்படாமல் இருக்கலாம். ஆடிப்பூரத் தேரோட்ட நாளில் திருவில்லிபுத்தூரின் நெரிசலுக்குள் முதல் கியரில் ஊர்ந்து செல்லும்போது, முடுக்கியைத் தொடாமலேயே வண்டி முன்னோக்கித் தள்ளும். அதனைத் தடையால் அடக்க வேண்டியிருக்கும். அத்தடையும் நலிந்திருந்தால் முன்னே நடப்பவர்களுக்கு ஆபத்து. இத்தகைய வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே தக்கது.

புகைச் சோதனை

பெட்ரோல் மகிழுந்துகளில் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான அளவீடு வெற்றோட்டத்திலும் எடுக்கப்படுகிறது. பாரத் நிலை 4 பெட்ரோல் மகிழுந்துகளுக்கு இந்நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இவ்வளிமத்திற்கு மணமில்லை, ஆகவே மூடிய கொட்டகையினுள் பொறியை ஓடவிட்டுச் சோதிக்கலாகாது.