தோள்சீலை சொல்லும் வரலாறு

மாட்டுங்கா கடைவீதியில் நம் இல்லத்தரசியர் புடைவை தெரிந்தெடுக்கும் காட்சியை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். எந்த நிறம், எந்தக் கரை என்பதே அங்கு எழும் வினா. ‘இதனை உடுத்தலாமா?’ என்று எவரும் கேட்பதில்லை. அவ்வினாவுக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் போராடிய பெண்களின் வழித்தோன்றல்கள் இன்று தாராவியிலும் செம்பூரிலும் நம்மிடையே வாழ்கின்றனர்.

இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது. நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மேலாடை அணிதல் அங்கு குற்றம். மார்பை மறையாதிருத்தலே மேற்சாதியார்க்குச் செய்யும் மரியாதை எனப்பட்டது. அரசின் மேல் அதிகாரம் செலுத்திய ஆங்கிலேய ரெசிடெண்டு கர்னல் மன்றோ, கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணிய 1810களில் இசைவளித்தார். அப்பெண்களோ அதனோடு அமையவில்லை; மேற்சாதிப் பெண்டிர் அணிந்த தோள்சீலையையும் அணிந்தனர். 1822இல் கலவரம் மூண்டது. பொதுவிடங்களில் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829இல் வந்த அரசாணை குப்பாயத்தை ஏற்றது, தோள்சீலையைத் தடுத்தது. பெண்கள் அதனைக் களைந்தார்களில்லை.

1858, 59ஆம் ஆண்டுகளில் மீண்டும் வன்முறை. வீடுகளும் கிறித்தவ ஆலயங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் வற்புறுத்த, 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார். மத வேறுபாடின்றி நாடார் பெண்கள் அனைவரும் குப்பாயம் அணியலாம். அன்றேல் கடலோர முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணி சுற்றலாம். ஆயினும் மேற்சாதிப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது! உரிமையிலும் ஒரு வேலி.

இவ்வுரிமையை வெள்ளையர் தந்தனர் என்பர் சிலர்; மன்னர் அருளினார் என்பர் சிலர். கோப்புகளோடு பழகிய நாம் ஒன்றறிவோம்: ஆணையில் கையொப்பமிட்டவர் பெயர் நிற்கும், அதற்குக் காரணமானவர் பெயர் மறையும். பெண்கள் முன்னே நடந்தனர். ஆணைகள் பின்னே வந்தன என்பதே உண்மை.

நம் பிள்ளைகள் பலர் பயிலும் மத்தியக் கல்வி வாரியத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் இச்செய்தி இருந்தது. 2017ஆம் ஆண்டுத் தேர்வுக்கு அப்பகுதி வேண்டா என 2016இல் வாரியம் அறிவித்தது. 2019இல் அவ்வத்தியாயமே நூலினின்று நீங்கியது. ஏடு மறந்ததை வீடு மறவாதிருக்கட்டும். அடுத்த பண்டிகைக்குப் புத்தாடை வாங்கும் நாளில், நம் பெண்மக்களுக்கு இக்கதையையும் சொல்வோமாக.