அடுப்பை யார் கட்டியது?

எங்கள் அப்பத்தா வீட்டு அடுப்படியில் இரண்டு அடுப்புகள் இருந்தன. ஒன்று அவளே கட்டியது. கண்மாயிலிருந்து எடுத்துவந்த களிமண்ணில் வைக்கோல் சேர்த்து மிதித்து, பக்கத்தில் ஒரு கொடியடுப்பும் வைத்து, சாணி போட்டு மெழுகியது. இன்னொன்று கொத்தனார் வந்து கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பு. அதன் சிமெண்ட் குழாய் ஓட்டுக்கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே நின்றது. எனக்கு விவரம் தெரிந்தபோது அந்த அடுப்புக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"ஏன் அப்பத்தா இதுல சமைக்கிறதில்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெல்லு அவிக்கிற அண்டா அதுல உக்காராது தாயி. கருவேல வெறகும் அந்த வாய்க்குள்ள போகாது, சின்னச் சின்னதா வெட்டணும். யாரு வெட்டுறது? கட்டுனவன் ஒருநா சோறாக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அது எந்தத் திட்டம், எந்த வருஷம் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. யாரோ வந்தார்கள், ஐயாவிடம் கையெழுத்து வாங்கினார்கள், கட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். அவள் இருமல் மட்டும் கடைசிவரை நிற்கவில்லை. எரிசக்தித் துறையில் பாலினச் சமத்துவம் என்ற சொல்லை எங்கே படித்தாலும் எனக்கு அந்தக் கோழிதான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தப் புகையில்லா அடுப்பு எங்கிருந்து கிளம்பி எங்கள் அடுப்படிவரை வந்தது என்று தேட ஆரம்பித்ததும் அதனால்தான்.

கதை சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அந்த வார்தா வட்டாரத்தில்தான் 1940களில் 'மகன் சூலா' என்ற அடுப்பு உருவானது. மகன் என்பது நம் மகன் இல்லை, மகன்லால் காந்தியின் பெயர். அடுத்து ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு. கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்ற கனவைத் தலைப்பிலேயே வைத்து 1953இல் ஒரு சிறுநூல் எழுதினார். சென்னையில்தான் அது அச்சானது. நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம். ஆனால் பரிசோதனைக்கூடத்தில் அடுப்பு செய்தவர்கள் ஆண்கள். அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் பெண்கள். இந்தப் பிரிவினை அப்போதே விழுந்துவிட்டது.

1973இல் பெட்ரோல் விலை ஏறியபோது உலகமே எரிசக்தியைப் பற்றிப் பேசியது. விறகுத் தட்டுப்பாடுதான் ஏழைகளின் எரிசக்தி நெருக்கடி என்று 1975இல் எரிக் எக்கோம் எழுதினார். திட்டங்கள் மறுபடி அடுப்பின் பக்கம் திரும்பின. ஆனால் அவை கவலைப்பட்டது காட்டைப் பற்றி. ஊதாங்குழலை ஊதுகிறவளின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று அளக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித்தும் அவருடைய இந்தியச் சகாக்களும் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியை மாட்டி அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார்கள். 1983இல் முடிவுகள் வெளியாயின. நகரத்துத் தெருப்புகை அதன் பக்கத்தில்கூட வரவில்லை. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அதே 1983 டிசம்பரில் இந்திய அரசின் தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. 2002இல் மத்திய அரசு கைவிடும்வரை சுமார் 3.5 கோடி அடுப்புகள் கணக்கில் ஏறின. கட்டியதைத்தான் எண்ணினார்கள், எரிந்ததை எண்ணுவது கஷ்டம். ஒடிசாவில் சுமார் 2,600 வீடுகளை நான்கு ஆண்டுகள் கவனித்த ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு அடுப்புத் திட்டத்தைப் பற்றியது. அங்கேயும் இதே கதைதான். முதல் வருஷம் புகை குறைந்தது. பிறகு அடுப்பு உடைந்தது, பராமரிக்க ஆளில்லை, பயன்பாடு குறைந்தது. நாளடைவில் ஆரோக்கியத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பெண்களுக்கு அறியாமை, பழக்கத்தை விடமாட்டார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். பீனா அகர்வால் 1986இல் விறகு நெருக்கடி பற்றி எழுதிய நூலில் வேறொரு பதிலைச் சொன்னார். அடுப்பால் லாபம் அடைபவள் பெண், அதற்கான காசு இருப்பது ஆணின் கையில். வடிவமைக்கிறவருக்கும் சமைக்கிறவளுக்கும் இடையில் பேச்சே இல்லை. இது தொழில்நுட்பத்தின் கோளாறு இல்லை, அதிகாரத்தின் கோளாறு.

பேச்சு நடந்த இடங்களும் உண்டு. சண்டிகருக்குப் பக்கத்தில் நாடா என்று ஒரு கிராமம். கட்டடக்கலை படித்த மது சரீன் 1980களின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து அடுப்பை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். 'நாடா சூலா' அப்படித்தான் பிறந்தது. அங்கே கிடைக்கும் மண், அவர்களுடைய பாத்திரம், அவர்களுடைய விறகு. அதைவிட முக்கியம், கட்டுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பெண்களே. வீட்டுக்கு வீடு அளவை மாற்ற அவர்களுக்குத் தெரியும். உடைந்தால் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். பின்னால் தேசியத் திட்டமும் பெண்களுக்கு அடுப்பு கட்டப் பயிற்சி கொடுத்தது. ஆனால் இத்தனை மாதத்தில் இத்தனை அடுப்பு என்று இலக்கு வந்துவிட்டால், உட்கார்ந்து பேச நேரம் எங்கே?

கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்து புரா இன்னொரு உதாரணம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' குழு, அமுல்ய ரெட்டி தலைமையில் அந்தச் சின்ன ஊரின் எரிசக்தியைக் கணக்கெடுத்தது. விறகு சுமப்பது, தண்ணீர் சுமப்பது, சமைப்பது என எல்லா உடலுழைப்பையும் எரிசக்தியாகவே எண்ணினார்கள். மொத்த மனித உழைப்பில் பாதிக்கு மேல் பெண்களுடையது என்று தெரிந்தது. ஆண்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஊருக்கு முதலில் திட்டமிட்டது சமையலுக்குச் சாண எரிவாயு. சாணம் பற்றவில்லை, திட்டம் படுத்துவிட்டது. ஊருக்கு முதலில் எது வேண்டும் என்று கேட்டபோது வந்த பதில், குடிதண்ணீர். 1987இல் அதே எரிவாயுவால் எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் குழாயில் வந்தது, வீடுகளில் விளக்கு எரிந்தது. சாணம் கொண்டுவந்து போடுகிறவர்களுக்குக் கூலியும் உண்டு. கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.

இப்போது எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007இல் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்தது. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா, இணைப்பைப் பெண்ணின் பேரிலேயே கொடுத்தது. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. புகையில்லாத அடுப்படியில் நின்று சமைப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று அப்பத்தாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவளுக்குத் தெரியும். ஆனால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கையைப் பாருங்கள். உஜ்வலாவில் ஒரு வருஷம் முடித்த வீடுகள் வருஷத்துக்கு சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்கியிருந்தன. மற்ற நாளெல்லாம் எதில் சமைத்திருப்பார்கள்?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். "கேஸ் புக்கு ஏம்பேர்லதான் இருக்கு. காசு உங்கப்பாகிட்டல்ல இருக்கு."

பீனா அகர்வால் ஒரு புத்தகம் முழுக்கச் சொன்னது அதுதான்.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையில் வேலை செய்கிறவர்களில் 32 சதவீதம் பெண்கள் என்று பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2019இல் சொன்னது. எண்ணெய், எரிவாயுத் துறையின் 22 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பரவாயில்லைதான். ஆனால் அந்த 32க்குள் முடிவெடுக்கும் நாற்காலியில் எத்தனை பேர் என்று கேட்காமல் விட்டால், நாம் மறுபடியும் அடுப்பைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம்.

நம் ஊரில் கட்டட வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சித்தாள் என்று பேர். எத்தனை வருஷம் கல்லும் கலவையும் சுமந்தாலும் அவள் சித்தாள்தான், கொத்தனார் ஆவது அபூர்வம். அப்பத்தா தன் வாழ்நாளில் எத்தனை அடுப்பு கட்டியிருப்பாள்! பொங்கலுக்குப் பொங்கல் புதுசு. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அவள்தான் போய்க் கட்டிக்கொடுப்பாள். ஆனால் புகையில்லா அடுப்பு என்று ஒன்று வந்தபோது அதைக் கட்ட வெளியூரிலிருந்து கொத்தனார் வந்தார். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், மண்ணைக் குழைத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கு அவள் கையில் அந்தக் கரணையைக் கொடுத்திருந்தால், அண்டாவுக்கு ஏற்ற மாதிரி வாயைக் கொஞ்சம் அகலமாக வைத்திருப்பாள்.