தீரர் சத்தியமூர்த்தி

சு. சத்தியமூர்த்தி (19 ஆகஸ்ட் 1887 – 28 மார்ச் 1943) வழக்கறிஞர், காங்கிரஸ் தலைவர், மத்திய சட்டசபை உறுப்பினர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னை மேயர். காமராஜரின் அரசியல் குரு.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திருமயத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தபின், எஸ். சீனிவாச ஐயங்காரிடம் வழக்கறிஞர் தொழில் பழகினார். ஆனால் அவருடைய வாதத்திறமைக்கு உண்மையான களமாக அமைந்தது சட்டமன்றம்தான். 1923-இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார்.

1935 முதல் மத்திய சட்டசபையில் பூலாபாய் தேசாயின் கீழ் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக இருந்தார். கேள்வி நேரம் அவருடைய ஆயுதம். அரசுத் தரப்பு ஒரு பதிலைச் சொல்லி அமர்வதற்குள் துணைக் கேள்வி எழும். அதற்குச் சொல்லும் பதிலிலிருந்து அடுத்தது பிறக்கும். நீதிமன்றக் குறுக்கு விசாரணையை அப்படியே அவைக்குக் கொண்டுவந்தவர் அவர். எல்லாவற்றிலும் அவர் முற்போக்காளர் அல்ல. முன்பு சென்னை சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது எதிர்வரிசையில் நின்றார். அந்த எதிர்ப்பை மறைத்து அவர் வரலாற்றை எழுதக்கூடாது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. அதே ஆண்டில் சென்னை மேயரானார். குடிநீருக்கு நகரம் தவித்துக்கொண்டிருந்த நேரம். அரசின் பணமும் கவனமும் போரில் இருந்தபோதும் அவர் விடாமல் வற்புறுத்தி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட இசைவு பெற்றார். 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. தனிநபர் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1942 ஆகஸ்டில் பம்பாய் காங்கிரஸ் கூட்டம் முடிந்து திரும்பும்போது மீண்டும் கைதானார். மத்திய மாகாணச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் ஆறவே இல்லை. சென்னை பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. 1944-இல் நிறைவடைந்த அணையை அவர் பார்க்கவில்லை. அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

பூண்டி நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து திருப்பப்பட்டு, சோழவரம், புழல் ஏரிகள் வழியாகச் சென்னைக்கு வந்தது. மழைக்காலத்தில் பூண்டி ஏரி நிரம்பி மதகு திறந்தால், உபரிநீர் ஆற்றோடு இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் மக்களுக்கு அப்போது வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எண்ணூர்க் கழிமுகம் ஆழம் குறைந்திருப்பதால், ஆற்று நீர் கடலில் வடியத் தாமதமாகிறது. மீனவர்களின் வலைக்கும் கேடு. சத்தியமூர்த்தி அமர்ந்த மேயர் நாற்காலியைக் கொண்ட மாநகராட்சியின் எல்லைக்குள் இந்த ஊர்கள் 2011-இல் சேர்க்கப்பட்டன.