அமெரிக்க ஆம்புலன்ஸ்: கட்டமைப்பு வரலாறு

அமெரிக்காவில் 1960-கள் வரை ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை ஈமச்சடங்கு நிறுவனங்களே நடத்தின. ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. கேடிலாக் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய அந்த வண்டிகள் அழகானவை, வேகமானவை, நோயாளிக்குத்தான் உதவாதவை. கூரை அவ்வளவு தாழ்வு. உதவியாளர் முதுகை வளைத்துக் குந்தியபடி நெஞ்சை அழுத்த வேண்டும். தலைமாட்டில் அமர்ந்து மூச்சைக் கவனிக்க இடம் போதாது.

1966-இல் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை இந்த அவலத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1974-இல் வந்த ‘கேகேகே-ஏ-1822’ என்னும் கூட்டரசு விவரக்குறிப்பு புதிய வடிவங்களுக்கு வழிவகுத்தது. லாரி அடிச்சட்டத்தில் பெட்டி ஏற்றியது முதல் வகை. கூரை உயர்த்திய வேன் இரண்டாவது. வேன் முகப்போடு தனிப்பெட்டி சேர்ந்தது மூன்றாவது. பெட்டி பெரும்பாலும் அலுமினியம். அடிச்சட்டம் தேய்ந்தால் பெட்டியை மட்டும் கழற்றிப் புதிய வண்டியில் பொருத்தலாம். இதுவே பெரிய மாற்றம்.

நெடுங்காலம் கவனிக்கப்படாதவர் உதவியாளர். பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் இன்றி வேலை செய்த பலர் விபத்துகளில் இறந்தனர். அண்மை மாதிரிகளில் பெல்ட்டுடன் சுழலும் இருக்கைகளும், எழாமலே கைக்கு எட்டும் கருவிகளும் இடம்பெறுகின்றன.